மாஸ்டர் வீட்டுக் கரண்டி

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தொழிற்சாலையில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுநூறு பேர் சாப்பிடும் கேன்டீனுக்கு அவர்தான் தலைமைச் சமையல்காரர். எனக்கு அவர் அத்தான். நானும் அதே தொழிற்சாலையில்தான், பாட்டில் மூடிகளைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில், பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் இரண்டே கதவுகள். மதியம் அத்தான் சமையல், இரவு பாதி நாள் அக்கா சமையல். இரண்டையும் ஒப்பிட்டுப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அத்தான் பதினெட்டு வயதில் அந்தக் கேன்டீனுக்குப் பாத்திரம் கழுவ வந்தவர். யாரும் அவருக்குச் சமையல் சொல்லித் தரவில்லை. கழுவ வரும் தட்டுகளைப் பார்த்தே கற்றுக்கொண்டார். எது வழித்துச் சாப்பிடப்பட்டது, எது ஓரமாக ஒதுக்கப்பட்டது, எதை நாலு வாய் தின்றுவிட்டு ஐந்தாவது வாயில் வெறுத்துப்போய் வைத்துவிட்டார்கள் என்று தட்டுகள் அவரிடம் சொல்லிவிடும். அதிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை பிறந்தது. சமையல்காரன் முதல் வாயை ருசி பார்க்கக் கூடாது, பத்தாவது வாயை ருசி பார்க்க வேண்டும் என்பார். முதல் வாய் யார் சமைத்தாலும் நன்றாகத்தான் இருக்குமாம். பத்தாவது வாயில்தான் உப்பு கரிப்பதும் எண்ணெய் திகட்டுவதும் தெரியுமாம். அந்தக் கொள்கையில் முப்பத்தாறு வருடம் ஒரு குறையும் வராமல் சமைத்தார். எங்கள் பிரிவில் பெண்கள் வீட்டிலிருந்து டப்பா கட்டி வருவதையே விட்டுவிட்டார்கள்.

ஆனால் வீட்டுக்குள் வந்தால் மனிதர் வாயைத் திறக்க மாட்டார். சாயங்காலம் ஏழு மணிக்கு வருவார், கைகால் கழுவுவார், உட்காருவார். அக்கா போட்டதில் கொஞ்சம் சாப்பிடுவார், எழுந்துவிடுவார். நன்றாக இருந்தது என்றும் சொல்ல மாட்டார், நன்றாக இல்லை என்றும் சொல்ல மாட்டார். இருபத்தாறு வருடம் இப்படி. பிள்ளைகள் இரண்டும் படித்து வேலைக்கு வெளியூர் போனபின் அந்தச் சாப்பாட்டு அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். "அறுநூறு பேரு அவர் சமையலுக்கு விரலை நக்கறாங்க. என் சமையல் அவருக்கு எப்படிடி வாயில இறங்கும்" என்று அக்கா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு அத்தான்மேல் பற்றிக்கொண்டு வரும். ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா என்ன.

போன வருடம் ஒரு நாள் காலை, சோற்று அண்டாவுக்கு முன்னால் நின்றிருந்தவருக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். அண்டாவைப் பிடித்திருந்தால் கொதிக்கும் கஞ்சி அத்தனையும் அவர் மேல்தான். கம்பெனி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை. மூன்று மாதச் சராசரி என்று ஒரு கணக்கு இருக்கிறதே, அது ஒன்பது புள்ளி நாலு. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். நாலு மாதத்துக்குள் அந்த எண் எட்டுக்குக் கீழே வர வேண்டும், வராவிட்டால் அடுப்பு முன்னால் நிற்க அனுமதி கிடையாது, டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

அத்தான் இதை வீட்டில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். டோக்கன் ஜன்னலுக்குப் போவதும் அவரை உயிரோடு ஒரு பெட்டிக்குள் வைப்பதும் ஒன்றுதான் என்று எங்களுக்குத் தெரியும். அக்காவுக்கோ அதைவிடப் பெரிய இடி வேறு ஒன்று. அன்றிரவு என் சமையலறைக்கு வந்து நின்றவள், "அவருக்கு நோவு வந்தது என் சாப்பாட்டாலதானே. வேற எங்க சாப்பிடறார் அவர்" என்றாள். கேன்டீனில் அத்தான் ஒரு வேளைகூடத் தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டேதான் இருப்பார். அதை நானே தினம் பார்க்கிறவள் என்பதால் அக்கா சொன்னது சரிதான் என்றே நானும் நம்பினேன்.

கம்பெனி மருத்துவ அறையில் வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டு ஆலோசனை சொல்ல ஒரு பெண் வருவார். சின்ன வயது, கண்ணாடி போட்டிருப்பார், எல்லோரும் டயட் மேடம் என்பார்கள். அவர் அத்தானிடம் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார். முன்பக்கம் ஒரு தட்டின் படம். தட்டில் பாதி காய்கறி, கீரை. கால்வாசி சோறோ ரொட்டியோ. மீதிக் கால்வாசி பருப்பு, முட்டை, மீன். பக்கத்தில் ஒரு பழம். கீழே உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, இனிப்பைத் தொடாதே, மெதுவாக மென்று தின்னு என்று புத்திமதி.

அக்கா பள்ளியில் கணக்கில் நூறு வாங்கியவள். தாளைச் சமையல் மேடையில் விரித்து, பறக்காமல் இருக்கப் பருப்பு டப்பாவை மேலே வைத்து, பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம் போன வாரம் சமைத்ததையெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதினாள். பிறகு தாளையும் நாள்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தன் பரீட்சையைத் தானே திருத்த ஆரம்பித்தாள். திங்கள், சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும். உருளைக்கிழங்கு காயில் சேராது என்று தாளில் தனியாகப் போட்டிருந்தது. அதைச் சோற்றுக் கட்சியில் சேர்த்துவிட்டார்கள். "இத்தனை வருஷமா காய்னுதானே வாங்கினேன்" என்று அக்கா திகைத்துப்போனாள். செவ்வாய், முட்டைக் குழம்பு, காய் கிடையாது. புதன், கீரை உண்டு, ஆனால் தட்டின் ஓரத்தில், கூச்சப்படும் விருந்தாளி மாதிரி இத்தனூண்டு. பழம் எங்கள் வீடுகளில் யாராவது காய்ச்சலில் படுத்தால்தான் வரும். முடிவில் பதினான்கு வேளைச் சாப்பாட்டில் பதினோரு இடத்தில் அக்கா பெருக்கல் குறி போட்டாள். அந்தப் படத்தை வரைந்தவர் வீட்டில்கூட அப்படிச் சாப்பிட மாட்டார்கள் என்று நான் எகிறினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

பிறகுதான் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் அளவுகள் இருந்தன. கிராம் கணக்குச் சொன்னால் ஜனங்களுக்குப் புரியாது என்று யாரோ நல்ல மனதோடு எல்லாவற்றையும் கரண்டியில் எழுதியிருந்தார்கள். ஒரு வேளைக்குச் சோறு ஒரு கரண்டி, பருப்பு ஒரு கரண்டி, காய் இரண்டு கரண்டி. அக்கா தன் கரண்டியை எடுத்தாள். அவள் கல்யாணமாகி வந்த வருடம் கேன்டீனில் காம்பு உடைந்து கழித்துப்போட்ட கரண்டி ஒன்றை அத்தான் வாங்கி, பட்டறையில் கட்டைக் காம்பு பற்றவைத்துக் கொண்டுவந்திருந்தார். அந்த வீட்டில் கிளற, ஊற்ற, பரிமாற எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அத்தான் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றை அதில் அளந்து பார்த்தாள். பாதிக் கரண்டிக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

அக்கா முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். "இங்க பாருடி. ஒரு கரண்டி சாப்பிடச் சொல்லியிருக்கு. இவர் பாதிதான் சாப்பிடறார். அதான் தலை சுத்தியிருக்கு" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. என் புத்தியை எந்தச் செருப்பால் அடிக்க.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் சட்டம் அமலுக்கு வந்தது. காலையும் இரவும் சோறு ஒரு கரண்டி, தலைதட்டி. பருப்பு ஒரு கரண்டி. காய் இரண்டு கரண்டி. பழைய தட்டு போதவில்லை என்று அக்கா பெரிய தட்டு வாங்கினாள். அத்தான் அந்த மலையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். மெதுவாக மென்று தின்னச் சொல்லியிருந்ததால் முக்கால் மணி நேரம் ஆனது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தட்டைக் காலி செய்வதை அக்கா அன்றுதான் பார்க்கிறாள். டாக்டர் உத்தரவுதான், இருந்தாலும் என்ன. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவரைக்காயில் ஒரு நாள், பூசணியில் ஒரு நாள், கீரையைப் பருப்போடு கடைந்து ஒரு நாள் என்று விதவிதமாகச் செய்தாள். அந்த ஒரு மாதம் அவள் சமையலறையில் பாட்டுச் சத்தம் கேட்டது. அத்தான்தான் படியேறும்போது மூச்சு வாங்கினார்.

ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. எடை மூன்று கிலோ கூடியிருந்தது. டயட் மேடம் அக்காவையும் வரச் சொன்னார். துணைக்கு நானும் போனேன். தாளில் உள்ளதுபோல் கொடுக்கிறீர்களா என்று அவர் கேட்டார். அணு பிசகாமல் கொடுப்பதாக அக்கா தலைநிமிர்ந்து சொன்னாள். மேடம் குழம்பிப்போய், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக் காட்டி, இதில் ஒன்றுதானே என்று கேட்டார்.

அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைப் போய் கரண்டிங்கறீங்களே. எங்க வீட்டுல இதை ஸ்பூன்னு சொல்லுவோம்."

அதில் நூறு கிராம் சோறு பிடிக்குமாம். அக்கா தன் கரண்டியின் அகலத்தை இரண்டு கையாலும் காட்டினாள். மேடம் அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்தபடி, "முந்நூத்தி எழுபது கிராம் பிடிக்கும்மா" என்றார். முப்பத்தாறு வருடமாக அதே அளவுக் கரண்டியை வைத்துத்தான் அறுநூறு பேருக்குச் சோறு போடுகிறார், கிராம் சுத்தமாகத் தெரியும். கரண்டி என்றால் அவருக்கு அது ஒன்றுதான். சிரிப்பை அடக்கிய மேடம், அவ்வளவையும் எப்படித்தான் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"மருந்துன்னு நெனச்சு முழுங்கினேன்" என்றார் அத்தான்.

மேடத்துக்கு அது தமாஷ். எனக்கும் ஒரு கணம் சிரிப்புத்தான் வந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மாதமாக அவள் பாடிக்கொண்டே சமைத்ததையெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு மருந்தாக முழுங்கியிருக்கிறார். வீட்டுக்கு வரும் வழியில் பாத்திரக் கடைக்குள் நுழைந்தாள். சின்னக் கரண்டி ஒன்றை வாங்கினாள், பெரியதைக் கழுவித் துடைத்துப் பரணில் போட்டாள். அதன்பிறகு தாளில் உள்ளபடிதான் பரிமாறினாள், ஆனால் ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊற்றுகிறவள் மாதிரி. அத்தானை அன்றைக்கே தனியாக நிறுத்தி நான் வெளுத்து வாங்கினேன். "நான் என்ன தப்பாச் சொன்னேன் பாப்பா" என்று கேட்டார் மனிதர். நாற்பத்து மூன்று வயதாகும் என்னை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற ஆளிடம் எதைச் சொல்லி விளங்கவைப்பது.

சின்னக் கரண்டி வந்து இரண்டு வாரமாகியும் சர்க்கரை அசையவில்லை. டயட் மேடத்துக்கே முகம் வாடிவிட்டது. மூன்று நாளைக்கு எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாய்க்குள் போவதையெல்லாம் மணியோடு ஒரு நோட்டில் எழுதிவரச் சொன்னார். அந்த நோட்டோடு போகும் நாளில் அக்கா வர மாட்டேன் என்றாள். "என் குத்தப் பத்திரிகையை நானே எதுக்கு வாசிக்கக் கேக்கணும்" என்றாள். நான்தான் போனேன்.

அத்தான் எழுத்து குண்டு குண்டாக, அழகாக இருக்கும். காலை ஏழு மணி, சோறு ஒரு சின்னக் கரண்டி, காய் இரண்டு. எட்டு மணி, வேலை. ஒன்பதரை, வேலை. பத்து, வேலை. பத்தரை, வேலை. மதியத்துக்கு மேலும் அப்படியே, வேலை, வேலை. இரவு ஏழரை, சோறு ஒரு சின்னக் கரண்டி. மேடம் அதைப் படித்துவிட்டு, வேலை நேரத்தை எழுத வேண்டாம், சாப்பிட்டதை மட்டும் எழுதினால் போதும் என்றார்.

"வாய்க்குள்ள போறதெல்லாம் எழுதச் சொன்னீங்களே. அதான் எழுதினேன்" என்றார் அத்தான். "அது சாப்பாடு இல்லம்மா, ருசி பாக்கறது. வேலை."

எவ்வளவு என்று கேட்டார் மேடம். ஒரு கிண்ணம் என்றார். பத்தாவது வாய் தெரிய வேண்டுமென்றால் அவ்வளவாவது வேண்டுமே என்றார். எத்தனை பாத்திரம் என்றதற்கு, காலை ஷிப்டுக்கு ஆறு, மாலை ஷிப்டுக்கு ஆறு என்றார். இனிப்பு போடும் நாளில் ஏழு. மேடம் பேனாவை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார், பிறகு பேனாவை வைத்துவிட்டார்.

"ஐயா, நீங்க வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே மூணு ஆள் சாப்பாடு சாப்பிட்டு முடிச்சிடறீங்க."

அத்தான் பேயறைந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அவர் பேச்சில் அதற்குச் சாப்பாடு என்ற பெயரே இல்லை, அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாகக் கிண்ணமும் கையுமாக அவர் நிற்பதைப் பார்த்த எனக்கும் அது சாப்பாடாகத் தெரிந்ததில்லை. எங்களையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அக்காவிடம் ஓடினேன். உன் சமையலால் வந்த நோவு இல்லை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப தினம் வயிறு நெறஞ்சுதான் வந்திருக்கார். பசியே இல்லாம என் முன்னாடி உக்காந்து சாப்பிட்டிருக்கார்" என்றாள். "பிடிக்காம இல்ல."

"ஆமா" என்றேன்.

"பிடிச்சிருந்துச்சுன்னும் தெரியாதே" என்றாள் அக்கா. மறுபடியும் கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள்.

எண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நாலாவது மாதக் கடைசியில் அது ஏழு புள்ளி ஆறுக்கு வந்தது. அத்தான் இன்றும் அடுப்பு முன்னால்தான் நிற்கிறார். ஆனால் அது சும்மா வந்துவிடவில்லை. கிண்ணத்தை அவர் துணைச் சமையல்காரர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆள் இருபது வருடமாக அவருக்குப் பக்கத்தில் நிற்பவர், ஒரு முறைகூட ருசி பார்க்கவிடப்பட்டதில்லை. முதல் நாள் பத்தாவது வாயில் எப்படி இருக்கிறது என்று அத்தான் கேட்க, அவர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல, பருப்பில் உப்பே இல்லாமல் அறுநூறு தட்டுக்கும் போய்விட்டது. எங்கள் பிரிவில் ஒரே முணுமுணுப்பு. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தான் திரும்பி வரும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பேசாமல் என் பருப்பை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அத்தான் ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டார். கைகால் கழுவியவர் நேராகச் சமையலறை வாசலில் வந்து நின்று, ஆயிற்றா என்று கேட்டார். அக்கா திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதே கிடையாது. அவசரமாகத் தட்டு வைத்தாள். சின்னக் கரண்டியில் சோறு ஒன்று, பருப்பு ஒன்று, வெண்டைக்காய் இரண்டு. அத்தான் குனிந்த தலை நிமிரவில்லை. மெதுவாக மென்று தின்னும் சட்டமெல்லாம் காற்றில் போயிற்று. ஐந்து நிமிடத்தில் தட்டு காலி. விரலால் ஒரு முறை வழித்தார். எழுந்திருக்கவில்லை. தட்டைப் பார்த்தார், அக்கா கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடேன்" என்றார்.

அக்கா கையில் கரண்டி அப்படியே நின்றது. அவள் கண் தாளுக்குப் போனது. பாத்திரத்தில் சோறு இருந்தது, பருப்பு இருந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். அவள் உதடு துடித்ததை நான் பார்த்தேன்.

"இல்லைங்க. அவ்வளவுதான்" என்றாள்.

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவள் அதை மேடையில் வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சத்தம் வராமல் செய்தாள். "கேட்டுட்டாருடி. இருபத்தாறு வருஷம் கழிச்சு வாயைத் திறந்து கேக்கறார், நான் இல்லைன்னு சொல்றேன் பாரு" என்று என் காதில் சொன்னாள். நானும் அழுதேன், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

வெளியில் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. எழுந்து போய்விட்டார் என்று நினைத்தோம். போகவில்லை.

"சரி" என்றார் அத்தான், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. "நாளைக்கும் இதையே பண்ணு."